ஏப்ரல் 14: பணியில் உயிர்விட்ட தீயணைப்பு வீரரை ஊரார் நினைப்பது எப்படி?

வாசகர் கேள்வி – பதில்

ஏப்ரல் 14 தீயணைப்புத் துறையின் நீத்தார் நினைவு நாள். அன்று தொடங்கி 20ஆம் தேதி வரை தீத்தொண்டு வாரம். அதையொட்டி, சாயல்குடி முதல் தொண்டி வரை கடலோர ஊர்களிலிருந்து வந்த கடிதங்களில் சிலவற்றுக்கு இந்த இதழில் பதில். தீயணைப்பு, கட்டுமானம், அரசு அலுவல் நடைமுறை தெரிந்தவர்கள் சேர்ந்து எழுதியிருக்கிறார்கள்.

எங்கள் பள்ளியில் படித்த தம்பி ஒருவர் தீயணைப்பு வீரராகி, வெளிமாவட்டத்தில் மீட்புப் பணியின்போது இறந்துவிட்டார். ஏப்ரல் 14 அன்று பள்ளியில் அஞ்சலி செலுத்த விரும்புகிறோம். அந்த நாளை ஏன் தேர்ந்தெடுத்தார்கள்? நிகழ்ச்சியை எப்படி நடத்துவது?
– ஆசிரியை, உச்சிப்புளி

முதலில் தேதிச் சிக்கலைத் தீர்த்துக்கொள்ளுங்கள், அம்மா. ஏப்ரல் 14 அம்பேத்கர் பிறந்தநாள். பெரும்பாலும் சித்திரைப் புத்தாண்டும் அன்றுதான். பள்ளி விடுமுறை. எனவே 14ஆம் தேதி காலை தலைமையாசிரியரும் சில மாணவர்களும் பக்கத்துத் தீயணைப்பு நிலைய அஞ்சலியில் கலந்துகொள்ளட்டும். பள்ளி நிகழ்ச்சியை அந்த வாரத்திலேயே ஒரு வேலை நாளில் வையுங்கள். தீத்தொண்டு வாரத்தில் வீரர்கள் பள்ளி, மருத்துவமனை, மார்க்கெட் என்று செயல்விளக்கத்துக்குப் போய்க்கொண்டே இருப்பார்கள். நிலைய அலுவலருக்குப் பத்து நாள் முன்பே கடிதம் கொடுத்தால்தான் உங்களுக்கு நேரம் ஒதுக்க முடியும்.

1944 ஏப்ரல் 14 அன்று பம்பாய் விக்டோரியா டாக்கில் ‘ஃபோர்ட் ஸ்டிகீன்’ என்ற சரக்குக் கப்பல் வெடித்தது. போர்க்காலம். சுமார் 1,400 டன் வெடிபொருளையும் ஆயிரக்கணக்கான பஞ்சுப் பொதிகளையும் ஒரே கப்பலில் ஏற்றியிருந்தார்கள். இரண்டாம் எண் அறையில் பஞ்சும் வெடிபொருளும் சேர்ந்தே கிடந்தன. மதியம் புகை தெரிந்தது. பஞ்சுப் பொதியில் பிடித்த தீ உள்ளுக்குள் கனன்றுகொண்டே போகும், மேலே ஊற்றும் தண்ணீர் அதை எட்டாது. 900 டன்னுக்கு மேல் தண்ணீர் இறைத்தும் தீ எங்கே இருக்கிறது என்று கண்டுபிடிக்க முடியவில்லை. கப்பலை மூழ்கடிப்பதா, வெளியே இழுத்துப்போவதா என்ற முடிவும் நேரத்துக்கு வரவில்லை. மாலை 4.06க்கு முதல் வெடிப்பு, அரை மணி நேரத்துக்குள் இரண்டாவது. கப்பலோரத்தில் குழாயைப் பிடித்தபடி நின்ற தீயணைப்பு வீரர்களில் 66 பேர் மாண்டார்கள். இதைப் பிள்ளைகளுக்குச் சொல்லும்போது “குண்டு வெடித்தது” என்று முடித்துவிடாதீர்கள். எதை எதோடு சேர்த்து வைத்தார்கள், முடிவு எடுக்க வேண்டியவர்கள் எவ்வளவு தாமதித்தார்கள் என்பதுவரை சொல்லுங்கள். அந்த 66 பேருக்கு நாம் பட்டிருக்கும் கடன் அது.

நிகழ்ச்சியைக் காலை 8 மணிக்குள் முடித்துவிடுங்கள். ஏப்ரல் வெயிலில் திறந்த வெளியில் சிறு பிள்ளைகள் நின்றால் மயங்கி விழுவார்கள். படத்துக்கு முதல் மலர் அவருடைய பெற்றோரோ மனைவியோ வைக்கட்டும், பிரமுகர்கள் அதற்குப் பிறகு. குடும்பத்தாருக்கு நிழலில் நாற்காலி போடுங்கள். மைக்கை அவர்கள் கையில் திணிக்க வேண்டாம். அவர்களாகப் பேச விரும்பினால் மட்டும் கொடுங்கள். மௌன அஞ்சலி இரண்டு நிமிடம். ஒருவர் கடிகாரம் பார்த்துத் தொடக்கமும் முடிவும் சொல்ல வேண்டும். ஆள் இல்லாவிட்டால் நாற்பது விநாடியிலேயே கூட்டம் கலைந்துவிடும். தெர்மோகோல் வைத்த மலர் வளையம் வேண்டாம். காற்றில் பிய்ந்து பள்ளி முழுக்கப் பறக்கும்.

தீயணைப்பு வண்டி வந்தால் வாசலைப் பார்த்து நிறுத்தச் சொல்லுங்கள். வண்டிக்கு முன்னால் நாற்காலியும் பந்தல் காலும் வரக்கூடாது. பாதி நிகழ்ச்சியில் அழைப்பு வந்தால் அவர்கள் அப்படியே ஏறிப் போய்விடுவார்கள். மீதியை நடத்த ஓர் ஆசிரியரை முன்பே தயார் செய்து வைத்திருங்கள். வண்டி கிளம்பும்போது யாரும் குறுக்கே ஓடாமல் பார்த்துக்கொள்வதும் அவர் பொறுப்பு.

மறைந்த வீரருக்கு எங்கள் ஊரில் நினைவுக்கல் வைக்கப் பணம் சேர்த்திருக்கிறோம். கடலிலிருந்து கூப்பிடு தூரம். பித்தளைத் தகடா, கிரானைட்டா, சலவைக்கல்லா? என்ன எழுத வேண்டும்?
– இளைஞர் மன்றத்தார், பாம்பன்

கறுப்பு கிரானைட். உப்புக் காற்றில் பித்தளை பச்சை பூத்து, சில ஆண்டுகளில் எழுத்தின் ஓரங்கள் அரிக்கும். சலவைக்கல் மங்கிச் சொரசொரத்துப் போகும். இரும்புச் சட்டத்தை நினைக்கவே வேண்டாம். முருகைக்கல் (பவளப்பாறைக் கல்) கிடைக்கிறது என்று யாராவது சொன்னால் மறுத்துவிடுங்கள். கீழக்கரைப் பக்கத்துப் பழைய வீடுகளில் அது இருக்கலாம். இன்று பவளப்பாறை வனவிலங்குச் சட்டப்படி பாதுகாக்கப்பட்டது, எடுப்பதும் வாங்குவதும் குற்றம்.

3 அடி உயரம், 2 அடி அகலம், 40 மில்லிமீட்டர் கனமுள்ள பலகை சுமார் 60 கிலோ வரும்; நான்கு பேர் தூக்கி நிறுத்திவிடலாம். எழுத்து உயரம் ஓர் அங்குலத்துக்குக் குறையக் கூடாது, செதுக்கு ஆழம் 3 மில்லிமீட்டர். ஆழம் குறைந்தால் முதலில் காணாமல் போவது மெய்யெழுத்தின் புள்ளி. அதில் உப்பும் தூசியும் அடைந்து ‘ம்’ எல்லாம் ‘ம’ ஆகிவிடும். எழுத்துக்குள் பொன் நிறப் பொடி கலந்த பெயின்ட் பூசுவார்கள். உப்புக் காற்றுக்கு அது கறுத்துவிடும். வெள்ளை எனாமல் போதும், மங்கினால் நீங்களே திரும்பப் பூசலாம். முகம் வேண்டுமென்றால் கல்லிலேயே லேசரில் பொறித்துவிடுங்கள். கண்ணாடிக்குள் வைக்கும் பிரின்ட் இந்த வெயிலில் சீக்கிரமே வெளுத்துவிடும்.

பீடத்தைக் கம்பி இல்லாமல் கட்டுங்கள். இவ்வளவு சின்னப் பீடத்துக்குக் கம்பி தேவையே இல்லை. கடலோரத்தில் கான்கிரீட்டை உடைப்பது பெரும்பாலும் உள்ளே இருக்கும் கம்பிதான்: உப்பு இறங்கித் துரு பிடிக்கும், துரு இரும்பைவிடப் பல மடங்கு இடம் கேட்கும், கான்கிரீட் பிளந்துவிடும். மணல் தரை என்பதால் இரண்டடி தோண்டி, தண்ணீர் விட்டுத் திமிசு போட்டு, சிமெண்ட், மணல், ஜல்லி 1:1½:3 கலவையில் எழுப்புங்கள். மேலே மண்டபம்போல் ஏதாவது கட்டி, கம்பி வைத்தே தீர வேண்டும் என்றால் இந்தியத் தரநிலை சொல்வது இது: கடலோரக் காற்றுக்கு எம்30 என்ற வலிமைத் தரமுள்ள கான்கிரீட், கம்பிக்கு மேல் 45 மில்லிமீட்டர் மூடாக்கு, அலைத் தெறிப்பு படும் இடமென்றால் எம்35, 50 மில்லிமீட்டர். கொத்தனார் “ஒரு இஞ்ச் போதும்” என்பார். வீட்டுக்குள் போதும், பாம்பனில் போதாது.

கடல் மணல் ஒரு சட்டிகூடச் சேரக் கூடாது, எம்-சாண்ட் வாங்கிக்கொள்ளுங்கள். போர்த் தண்ணீர் பெரும்பாலும் உவர்ப்பு. கலவைக்கும் நீராற்றுவதற்கும் காவிரிக் குடிநீரையே பயன்படுத்துங்கள். பத்து நாளுக்குச் சாக்கு போர்த்தி ஈரம் காயாமல் பாருங்கள். கல்லைப் பீடத்தில் நிறுத்த இரும்பு முளை வேண்டாம். 316 ரக ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் முளை இரண்டை எபாக்சி பசை வைத்துப் பதியுங்கள். 304 ரகம் விலை குறைவுதான், ஆனால் உப்புக் காற்றில் செம்புள்ளி விழுந்து கல்லின் முகத்தில் துருநீர் வடியும்.

விளக்கு ஏற்றவும் பொட்டு வைக்கவும் ஆட்கள் வருவார்கள், வரட்டும். கல்லுக்கு முன்னால் இரண்டடி தள்ளித் தனியாக ஒரு விளக்கு மாடம் கட்டிவிடுங்கள். எண்ணெய் செதுக்கிய எழுத்துக்குள் இறங்கினால் கறை போகாது. மாதம் ஒருமுறை நல்ல தண்ணீரில் கழுவித் துடைத்தால் போதும். ஆசிட், பிளீச்சிங் பவுடர் படவே கூடாது.

எழுத வேண்டியதற்கு நம் நடுகற்களைப் பாருங்கள். யார் ஆட்சியின் எத்தனையாவது ஆண்டு, எந்த ஊர், யாருடைய மகன் அல்லது யாருடைய ஆள், எந்தப் பூசலில் எதைக் காக்கப் போய் விழுந்தான் என்பதை நாலைந்து வரியில் சொல்லியிருப்பார்கள். புகழ்ச்சி குறைவு, விவரம் நிறைவு. அந்த முறையே இதற்கும் பொருந்தும். முழுப் பெயர், தகப்பனார் தாயார் பெயர், ஊர், பதவி, பணியாற்றிய நிலையம், பிறந்த தேதி, இறந்த தேதி, இடம், அதோடு என்ன செய்துகொண்டிருந்தபோது எதனால் இறந்தார் என்பது. “கிணற்றில் சிக்கிய இருவரை மீட்க இறங்கி, நச்சுக்காற்றால் உயிர்நீத்தார்” என்ற ஒரு வரி “வீரத் திருமகனார்” போன்ற பத்துப் பட்டத்துக்குச் சமம். ஐம்பது வருடம் கழித்துப் படிக்கும் பையன் கிணற்றுக் காற்றுக்குப் பயப்படுவான். பதவியின் சரியான பெயரை நிலையத்தில் கேட்டு வாங்குங்கள்: தீயணைப்பாளரா, முன்னணித் தீயணைப்பாளரா, ஓட்டுநரா என்பதில் தவறு நேரக் கூடாது. வரைவைக் குடும்பத்தாரிடம் காட்டி, ஒவ்வொரு எழுத்தையும் அவர்கள் பார்த்துக் கையெழுத்திட்ட பிறகே கல் தச்சரிடம் கொடுங்கள். நன்கொடையாளர் பெயர்கள் கல்லின் பின்பக்கம் போகட்டும். கட்சி, சாதி அடையாளம் எந்தப் பக்கமும் வேண்டாம்.

இடம் முக்கியம். கடற்கரைப் புறம்போக்கில் கட்டினால் கடற்கரை ஒழுங்குமுறை விதி குறுக்கே வரும். நெடுஞ்சாலை ஓரமென்றால் சாலையை அகலப்படுத்தும்போது பெயர்த்துப் போட்டுவிடுவார்கள். பள்ளி வளாகமோ சமுதாயக்கூடமோ நல்லது. அங்கும் ஊராட்சித் தீர்மானத்தை எழுத்தில் வாங்குங்கள். சிலை வைப்பதென்றால் அரசின் அனுமதி வேண்டும், அது வேறு வேலை.

வெளிநாட்டில் மணி அடித்து அஞ்சலி செலுத்துகிறார்களே, நாமும் அடிக்கலாமா? மே 4 என்றும் ஒரு நாள் சொல்கிறார்களே?
– கல்லூரி மாணவர், கீழக்கரை

அமெரிக்க வழக்கம் அது. தந்தி மணியில் தகவல் அனுப்பிய காலத்தில், வீரர் இறந்த செய்தியை ஐந்தைந்து மணியாக மூன்று முறை அடித்துத் தெரிவித்தார்கள். அதுவே சடங்காக நின்றுவிட்டது. மே 4 உலகத் தீயணைப்பு வீரர் நாள். ஆஸ்திரேலியாவின் லிண்டன் காட்டுத்தீயில் 1998 டிசம்பர் 2 அன்று ஐந்து தன்னார்வ வீரர்கள் இறந்ததையடுத்து ஏற்பட்டது. நெருப்புக்குச் சிவப்பு, நீருக்கு நீலம் என்று ரிப்பன் குத்திக்கொள்வார்கள். நீங்களும் தாராளமாகச் செய்யலாம். சைரன் ஒலிப்பதாக இருந்தால் மட்டும் நிலையத்தில் சொல்லி, அக்கம்பக்கத் தெருக்களுக்கும் முதல் நாளே அறிவித்துவிடுங்கள்.

படகுத் துறையில் தீப்பிடித்தால் வீரர்கள் வருவதற்குள் நாங்கள் என்ன செய்யலாம்? எங்களைக் காக்க வந்து அவர்கள் சாகக் கூடாது.
– விசைப்படகு உரிமையாளர், ராமேசுவரம்

நல்ல கேள்வி, அண்ணே. தீ பிடித்த படகை விட்டு, இரு பக்கமும் கட்டியிருக்கும் படகுகளை அவிழ்த்து விலக்குவதுதான் முதல் வேலை. கச்சான் காற்று அடிக்கும் மாதங்களில் காற்று எந்தப் பக்கம் தள்ளுகிறதோ அந்தப் பக்கத்துப் படகுகளை முதலில் விலக்குங்கள். ஃபைபர் படகு எரியும் புகை கறுப்பாக, கனமாக, நச்சாக இருக்கும். காற்று வீசி வரும் பக்கமாக நில்லுங்கள். நைலான் வலை உருகிச் சொட்டும். தோலில் பட்டால் ஒட்டிக்கொண்டே எரியும்.

டீசல் தீயில் வாளித் தண்ணீர் ஊற்றினால் எண்ணெய் மிதந்து தீயைப் பரப்பும். அதற்கு நுரை வேண்டும். நுரைத் திரவத்தில் 3 சதவீத ரகமென்றால் 97 லிட்டர் தண்ணீருக்கு 3 லிட்டர் கலப்பார்கள். “ஏன் இன்னும் தண்ணி அடிக்கல” என்று கூச்சல் போடாதீர்கள். குழாயை இணைத்து நுரை கலக்க நேரம் பிடிக்கும். அதோடு, அளவில்லாமல் தண்ணீர் அடித்தால் படகு நிறைந்து சாயும். மேலே ஏறிய வீரர் அடியில் சிக்கிக்கொள்வார்.

வண்டி வந்ததும் ஒரே ஒருவர், விவரம் தெரிந்தவர், பொறுப்பு அலுவலரிடம் போய்ச் சொல்ல வேண்டியவை: உள்ளே ஆள் இருக்கிறாரா, டேங்கிலும் பேரலிலும் எத்தனை லிட்டர் டீசல், கேஸ் சிலிண்டர் எத்தனை, எந்த இடத்தில். வீரர்களைக் கொல்வது பெரும்பாலும் யாரும் சொல்லாத சிலிண்டர். சூடேறிய சிலிண்டர் சீறத் தொடங்கினால் கூட்டம் 100 மீட்டராவது பின்வாங்க வேண்டும். படகு கட்டும் பழைய துறைப் பாலத்தின் மேல் வண்டியை வரச் சொல்லாதீர்கள். தண்ணீர் மட்டுமே நாலரை டன் இருக்கும் வண்டி அது. ஒரு ஹோஸ் 15 அல்லது 30 மீட்டர். கரையில் நிறுத்தி நீட்டிக்கொள்வார்கள். மீன் ஏற்ற வந்த டாடா ஏஸ்களை அந்த வழியிலிருந்து எடுத்துவிட்டாலே பாதி உதவி. மின்வாரியத்துக்கும் உடனே சொல்லி லைனை நிறுத்தச் செய்யுங்கள், கடல் நீர் மின்சாரத்தை நன்றாகக் கடத்தும்.

கரையில் ஓலைக் கொட்டகை, கருவாட்டுக் கிட்டங்கி எரிந்தாலும் இதே முறைதான். பூட்டிய கதவு இருந்தால் சாவியோடு ஒருவர் நிற்க வேண்டும். 2001 ஆகஸ்ட் 6 அன்று ஏர்வாடியில் ஓலைக் கொட்டகையில் சங்கிலியால் கட்டப்பட்டிருந்த மனநோயாளிகள் 28 பேர் கருகினார்கள். இந்தக் கடற்கரையில் யாரும் அதை மறக்கக் கூடாது. உள்ளே தானாக வெளியே வர முடியாதவர் இருந்தால், வேறெதையும் சொல்வதற்கு முன் அதைச் சொல்லுங்கள்.

அணைத்த பிறகு ஒரு சிறு உதவி. கடல் நீரை இறைத்த பம்பை நல்ல தண்ணீரால் அலசாவிட்டால் உப்பு அரித்து, அடுத்த தீக்கு அது ஓடாது. ஒரு டேங்கர் குடிநீர் ஏற்பாடு செய்து கொடுங்கள்.

பயிற்சி பெற்ற வீரரே கிணற்றில் இறங்கி இறக்கிறாரே, எப்படி? விளக்கு இறக்கிப் பார்த்தால் தெரியாதா?
– விவசாயி, முதுகுளத்தூர்

2020இல் பெரம்பலூர் மாவட்டத்தில் கிணற்றில் மயங்கியவரை மீட்க இறங்கிய தீயணைப்பு வீரர் ஒருவர் இப்படித்தான் உயிரிழந்தார். வெளிக்காற்றில் ஆக்சிஜன் 20.9 சதவீதம். கிணற்றில் இலை தழை மக்கினாலோ, தூர் வாரிச் சேற்றைக் கிளறினாலோ கரியமில வாயு கிளம்பும். அது காற்றைவிட ஒன்றரை மடங்கு கனம் என்பதால் அடியிலேயே தங்கும். ஆக்சிஜன் 10 சதவீதத்துக்குக் கீழே போனால் ஆள் மயங்குவார். 6 சதவீதத்தில் சில நிமிடங்களில் முடிந்துவிடும். மூச்சு முட்டுவதை உணர்ந்து ஏறிவிடலாம் என்று நினைக்கிறோம். அதற்குள் கைகால் செயலற்றுப் போகும்.

விளக்கு, ஆக்சிஜன் ஏறத்தாழ 16 சதவீதம் ஆகும்போது அணையும். அணைந்தால் இறங்காதே என்று பொருள். அணையாவிட்டால் இறங்கலாம் என்று பொருளில்லை. செப்டிக் டேங்கில் வரும் அழுகிய முட்டை நாற்ற வாயுவையும், கிணற்றுக்குள் வைத்து ஓட்டிய டீசல் இன்ஜின் விட்ட கார்பன் மோனாக்சைடையும் விளக்கு காட்டாது. முட்டை நாற்ற வாயு பத்து லட்சத்தில் 100 பங்கு ஆனதும் மூக்கு மரத்துவிடும். நாற்றம் நின்றது நல்ல அறிகுறி அல்ல. எரியும் வாயு நிறைந்திருந்தால் விளக்கே வெடிக்க வைக்கும். பாதுகாப்புக் கருவியும் முன்னெச்சரிக்கையும் இல்லாமல் செப்டிக் டேங்கில் ஆளை இறக்கிச் சுத்தம் செய்வதை 2013ஆம் ஆண்டுச் சட்டம் தடை செய்திருக்கிறது.

வீரர் முதுகில் சுமக்கும் 6.8 லிட்டர் சிலிண்டரில் 300 பார் அழுத்தத்தில் சுமார் 2,000 லிட்டர் காற்று இருக்கும். நிமிடத்துக்கு 40 லிட்டர் என்றால் முக்கால் மணி நேரத்துக்கு மேல் கணக்கு வரும். பதற்றமும் பளுவும் சேர்ந்தால் நிமிடத்துக்கு 60, 70 லிட்டர் இழுப்பார், அரை மணிதான். 50 பாரை ஒட்டி விசில் அடிக்கும்; அப்போது திரும்பக் கிளம்பியிருக்க வேண்டும். தாடி இருந்தால் முகமூடி சரியாகப் படியாமல் நச்சுக்காற்று கசியும். குறுகலான உறைக்கிணற்றில் சிலிண்டரோடு இறங்கவே முடியாமல் போகும். மேலே நின்று ஊரார் “ஆள் சாகுறான், சீக்கிரம் இறங்குங்க” என்று கத்தும்போது, அளந்து பார்க்காமல், சிலிண்டர் மாட்டாமல் இறங்கிவிடும் ஆபத்து அங்கேதான் பிறக்கிறது. தயவுசெய்து அவசரப்படுத்தாதீர்கள்.

ஊரார் செய்யக் கூடியவை: 101 அல்லது 112க்குப் போன். இரண்டாவது ஆளை இறங்க விடாமல் பிடித்து வைப்பது, அது தகப்பனாகவே இருந்தாலும். பிறகு மேலிருந்தபடியே காற்றைக் கலக்குவது. ஊதுவிசிறி இருந்தால் குழாயை அடிவரை விட்டு ஓட்டுங்கள். இல்லாவிட்டால் வேப்பங்கொத்தைக் கயிற்றில் கட்டி ஏற்றி இறக்குங்கள், மோட்டார் தண்ணீரைத் தூவலாக விடுங்கள். கீழே கிடப்பவருக்குக் கொஞ்சம் காற்று போகும். அதை நம்பி யாரும் இறங்கக் கூடாது.

என் தங்கை கணவர் தீயணைப்புப் பணியில் காயமடைந்து மூன்று வாரம் கழித்து மருத்துவமனையில் இறந்தார். தங்கைக்கு ஒன்றும் ஓடவில்லை. என்னென்ன காகிதம் வேண்டும்?
– தொண்டி வாசகர்

ஆழ்ந்த அனுதாபங்கள், ஐயா. பதினாறாம் நாள் காரியம் முடிந்ததும் வந்தவர்கள் போய்விடுவார்கள், காகித வேலை அப்போதுதான் தொடங்கும். அதை நீங்கள் கையில் எடுத்துக்கொள்வது தங்கைக்குப் பெரிய ஆறுதல்.

மூன்று வாரம் கழித்து நேர்ந்த மரணம் என்பதால், பணியில் பட்ட காயமே காரணம் என்பது ஒவ்வொரு தாளிலும் தொடர்ச்சியாகத் தெரிய வேண்டும். சம்பவ நாளின் நிலையப் பதிவு, மருத்துவமனையில் முதலில் எழுதிய விபத்துப் பதிவேட்டு நகல், சிகிச்சைச் சுருக்கம், முதல் தகவல் அறிக்கை, பிரேதப் பரிசோதனை அறிக்கை எல்லாவற்றையும் வாங்குங்கள். காரணம் என்ற இடத்தில் வெறும் ‘மாரடைப்பு’ என்று மட்டும் இருந்தால் உடனே மருத்துவரிடம் கேளுங்கள். தீக்காயத்தாலோ புகையாலோ வந்ததென்றால் அதுவும் எழுத்தில் இருக்க வேண்டும். பின்னால் திருத்துவது மிகக் கடினம்.

இறப்பை 21 நாளுக்குள் பதிவு செய்ய வேண்டும். மருத்துவமனையில் நேர்ந்த மரணத்தை அவர்களே பதிவார்கள் என்றாலும் பெயர் எழுத்துகளை நீங்கள் போய்ச் சரிபாருங்கள். வாரிசுச் சான்றுக்கு இ-சேவை வழியாக வட்டாட்சியருக்கு விண்ணப்பம். பெரும்பாலும் சிக்குவது பெயரில்தான். பணிப் பதிவேட்டில் ஒரு இனிஷியல், ஆதாரில் இன்னொன்று, வங்கியில் மனைவி பெயரோடு ‘பீவி’ இருக்கும், வாக்காளர் அட்டையில் இருக்காது. எல்லாத் தாள்களையும் வரிசையாக விரித்து, வேறுபாடுகளை ஒரு தாளில் குறித்து, முதலிலேயே திருத்தத் தொடங்குங்கள்.

இவற்றோடு மாவட்ட அலுவலகத்தில் குடும்ப ஓய்வூதியம், பணிக்கொடை, குடும்பப் பாதுகாப்பு நிதி, விடுப்புச் சம்பளம் எல்லாவற்றுக்கும் தனித்தனி விண்ணப்பம் கேளுங்கள். 2003 ஏப்ரல் 1 அன்றோ அதற்குப் பிறகோ பணியில் சேர்ந்தவர் என்றால் பங்களிப்பு ஓய்வூதியக் கணக்கு எண்ணும் வேண்டும். ஒவ்வொன்றுக்கும் தேதியிட்ட ஒப்புகை வாங்குங்கள். அசல் எதையும் கொடுக்க வேண்டாம், காட்டிவிட்டு நகலைக் கொடுங்கள். கருணை அடிப்படையில் வேலை கோருவதற்கு இறந்த தேதியிலிருந்து மூன்று ஆண்டுக்குள் விண்ணப்பிக்க வேண்டும். யார் விண்ணப்பிப்பது என்பதை வீட்டில் எல்லோரும் கூடிப் பேசி முடிவெடுங்கள். மற்ற வாரிசுகளின் சம்மதக் கடிதம் தேவைப்படும். மனவருத்தம் முற்றிய பிறகு அந்தக் கையெழுத்து கிடைப்பது சிரமம்.